படிகத்துக்குள் பாதியில் நின்ற நிரை

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் எல்.இ.டி. விளக்கு எப்படி ஒளிர்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதிலின் கடைசியில், நீலக்கல்லின் மேல் வளர்க்கிற அந்தச் சின்னச் சிப்புக்குள் லட்சக்கணக்கில் படிகக் குறைகள் இருந்தும் அது ஒளிர்கிறது என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். பினாங்கிலும் கூலிமிலும் சிப் கிலாங்குகளில் வேலை செய்தவன் நான், கடைசிப் பத்து வருஷம் படிகம் வளர்க்கும் பிரிவில். பாடாங் செராயில் என் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் செம்பனைக் காடு. பதிலில் இரண்டும் கலந்தே வரும்.

கேள்வி: என் மகள் கூலிமில் எல்.இ.டி. கிலாங்கில் வேலை செய்கிறாள். "இன்னைக்கு டிபெக்ட் அதிகம், வேஃபரை ஒதுக்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு வருவாள். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிற பொருளில் என்ன குறை இருக்க முடியும்? பால் மரம் வெட்டிய எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். (ஒரு தாயார், லூனாஸ்)

பதில்: அம்மா, நிரை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் பெரட்டு முடிந்ததும் இந்த நிரையிலிருந்து அந்த நிரை வரைக்கும் உனக்கு என்று பிரித்துக் கொடுப்பார்களே, அதே நிரைதான். அணுக்கள் நிரை பிடித்து நிற்கிற பொருளுக்குப் படிகம் என்று பெயர். இப்போது பல இடங்களில் பால் மரத்தை அழித்துவிட்டுச் செம்பனை போட்டுவிட்டார்கள், கவனித்திருப்பீர்கள், அதை முக்கோணக் கணக்கில் நடுவார்கள், மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர், எந்த மரத்தடியில் நின்றாலும் சுற்றிலும் ஆறு மரம் தெரியும். எல்.இ.டி.யில் ஒளி தருவதற்காக உங்கள் மகளின் கிலாங்கில் வளர்க்கிற காலியம் நைட்ரைடு என்ற படிகத்தை மேலிருந்து பார்க்க முடிந்தால் அதே ஆறு பக்கக் கட்டுத்தான் தெரியும். இடைவெளி மட்டும் ஒரு நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு.

இனி குறைக்கு வருவோம். ஒரு மரம் பட்டுப்போய் அந்த இடம் வெறும் குழியாகக் கிடக்கும், படிகத்திலும் ஓர் அணு இல்லாமல் இடம் காலியாக இருக்கும். நிரைக்கு நடுவே உதிர்ந்த பழத்திலிருந்து தானாக ஒரு கன்று முளைத்து நிற்கும், அது மாதிரி இடமில்லாத இடத்தில் ஓர் அணு நுழைந்து நிற்கும். இவை புள்ளிக் குறைகள். ஆனால் ஒளி தருகிற சிப்புகளில் நாங்கள் அதிகம் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி.

மேட்டுக்காட்டை நினைத்துப் பாருங்கள். சரிவைப் படிப்படியாக வெட்டி நட்டிருப்பார்கள். மேட்டின் வயிறு அகலமாகும் இடத்தில் இரண்டு படிகளுக்கு நடுவே இடம் கூடிவிடும், அங்கே புதிதாக ஒரு படி வெட்டி ஒரு நிரையை நுழைப்பார்கள், சரிவு மறுபடி குறுகும் இடத்தில் அந்த நிரை அப்படியே நின்றுபோகும். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துபோகும்போது திடீரென்று உங்கள் நிரை முடிந்துவிடும், இரு பக்கத்து நிரைகளும் வளைந்து வந்து ஒன்றையொன்று நெருங்கும். கடைசி மரத்தைச் சுற்றி மட்டும் கட்டு குலைந்திருக்கும், நாலைந்து மரம் தாண்டினால் பழையபடி ஒழுங்கு வந்துவிடும். படிகத்துக்குள் இப்படிப் பாதியில் நின்ற நிரைக்குத்தான் இடப்பெயர்வு என்று பெயர், உங்கள் மகள் டிஸ்லொகேஷன் என்று சொல்வாள். இரும்பும் செம்பும் கணக்குப் போட்டதைவிட எப்படி இவ்வளவு சுலபமாக வளைகின்றன என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1934-இல் டெய்லர், ஒரோவான், போலானி என்ற மூன்று பேர் தனித்தனியாக இந்த விஷயத்தைக் கண்டு சொன்னார்கள்.

இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படிகத்துக்கு ஆழம் உண்டு. ஒரே தோட்டத்தை ஆயிரம் மாடியாக அடுக்கி, ஒவ்வொரு மாடியிலும் அதே இடத்தில் நிரை நின்றுபோனால், அந்த முனைகளையெல்லாம் கோத்து ஒரு நூல் மேலே ஏறுமல்லவா? இடப்பெயர்வு அப்படி ஒரு நூல். அடியிலிருந்து புறப்பட்டு, ஒளி பிறக்கும் அடுக்கைத் துளைத்துக்கொண்டு மேல்பரப்பு வரைக்கும் போகும்.

உங்கள் மகள் பார்த்து ஒதுக்கும் வேஃபரில், அதாவது படிகம் வளர்த்த தட்டில், பெரும்பாலும் இருப்பது தூசியால் வந்த புள்ளி, விரிசல், சின்னக் குழிகள், மங்கல். நான் சொன்ன நூல்கள் நல்ல வேஃபர் என்று அனுப்புகிற ஒவ்வொன்றிலும் இருக்கின்றன.

கேள்வி: எல்.இ.டி.யை நீலக்கல்லின் மேல் வளர்க்கிறார்கள் என்கிறீர்கள். சனி தோஷத்துக்குப் போடுகிற நீலக்கல்லா? அவ்வளவு விலை கட்டுமா? (ஒரு வாசகர், கிள்ளான்)

பதில்: கனிமம் அதேதான், அலுமினியம் ஆக்சைடு. அதில் கொஞ்சம் குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். கிலாங்குக்கு வருவது எதுவும் சேராத நிறமற்ற கல், 2,000 டிகிரிக்கு மேல் உருக்கி, உருளையாக வளர்த்து, தட்டுத் தட்டாக அறுத்தது. மோதிரக்கடை விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்த நிறமே ஒரு வகைப் படிகக் குறைதான் என்பதையும் கவனியுங்கள், இருக்க வேண்டிய அணு இருக்கும் இடத்தில் வேறோர் அணு உட்கார்ந்திருக்கிறது, அதைத்தான் நவரத்தினம் என்று விரலில் போட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: காலியம் நைட்ரைடும் நீலக்கல்லும் அளவில் பொருந்தாது என்று படித்தேன். பொருந்தாத கல்லின் மேல் ஏன் வளர்க்க வேண்டும்? காலியம் நைட்ரைடின் மேலேயே காலியம் நைட்ரைடை வளர்த்தால் என்ன? (ஒரு பொறியியல் மாணவி, தைப்பிங்)

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. சிலிக்கானை உருக்கி, ஒரு விதைப்படிகத்தைத் தொட்டு மெல்ல இழுத்தால் ஆள் உயரத்துக்குப் படிகம் வந்துவிடும். காலியம் நைட்ரைடை அப்படி உருக்க முடியாது. சூடேற்றினால் உருகுவதற்கு முன்பே நைட்ரஜன் பிரிந்து ஓடிவிடும், ஓடாமல் பிடித்துவைக்க வேண்டுமென்றால் பல்லாயிரம் மடங்கு காற்றழுத்தம் வேண்டும். தனிக்கட்டியாக வளர்க்கும் வேறு வழிகள் இன்று இருக்கின்றன, லேசர் செய்கிறவர்கள் அப்படிப்பட்ட தட்டுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வீட்டு விளக்குக்கு அந்த விலை தாங்காது. நீலக்கல் மலிவு, ஆயிரம் டிகிரி சூட்டையும் அம்மோனியாவையும் தாங்கும், ஒளியை ஊடுருவ விடும்.

பொருத்தம்தான் மோசம். இரண்டும் ஆறு பக்கக் கட்டுத்தான், ஆனால் காலியம் நைட்ரைடு 30 டிகிரி திரும்பித்தான் நீலக்கல்லின் மேல் உட்காரும், அப்படி உட்கார்ந்தும் ஏறக்குறைய 16 விழுக்காடு வித்தியாசம். நீலக்கல்லில் ஏழு இடம் இருக்கிற நீளத்தில் மேலே ஆறுதான் நிற்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஏழுக்கு ஒரு நிரை எல்லையிலேயே நின்றுபோகிறது. பலர் இதைத்தான் பெரிய பிரச்சினை என்று நினைக்கிறார்கள். அந்த நிரைகள் எல்லையோடு படுத்துக் கிடப்பவை, மேலே ஏறி வந்து தொந்தரவு செய்வதில்லை.

மேலே ஏறும் நூல்கள் பிறப்பது வேறு விதத்தில். படிகம் ஒரே சமமாகப் பாய் விரித்த மாதிரி வளராது, முதலில் அங்கங்கே குட்டித் தீவுகளாக முளைக்கும், தீவுகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டும். ஒரு காட்டின் நாலு மூலையிலிருந்து நாலு கங்காணிமார் ஆளுக்கொரு கயிறு பிடித்து நட்டுக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவர் நிரையும் தனியாகப் பார்த்தால் நேர்தான். ஒருவர் கயிறு ஒரு மயிரிழை திரும்பியிருந்தால் போதும், சந்திக்கிற இடத்தில் நிரைக்கு நிரை சேராது. தீவுகள் ஒட்டும் அந்தத் தையலில்தான் நூல்கள் கிளம்புகின்றன.

1986-இல் நாகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகாசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அதுவரைக்கும் வந்த படலங்கள் கரடுமுரடாக, விரிசல் விட்டு இருக்கும். அவர்கள் முதலில் குறைந்த சூட்டில் அலுமினியம் நைட்ரைடை மிக மெல்லிய அடுக்காகப் போட்டு, அதற்கு மேல் ஆயிரம் டிகிரியில் காலியம் நைட்ரைடை வளர்த்தார்கள், கண்ணாடி போல வந்தது. 1991-இல் ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷுஜி நாகாமுரா அந்த அடி அடுக்கையும் காலியம் நைட்ரைடிலேயே செய்து காட்டினார். நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்களேன், நெருக்கமாக, ஒரே திசை பார்த்து நிற்கிற விதைகளை முதலில் போட்டுவிட்டால் பிறகு வளர்கிற தீவுகள் அதிகம் திரும்பாமல் ஒட்டுகின்றன. 2014-இல் இயற்பியல் நோபல் இந்த மூவருக்கும் கிடைத்தது. செய்திகளில் நீல விளக்கைப் பற்றித்தான் எழுதினார்கள், எனக்கோ அந்த அடி அடுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. தினமும் படிகம் வளர்க்கும் உலையான ரியாக்டரில் முதல் சில நிமிடம் அதற்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருப்போம்.

கேள்வி: ஐயா, படிகத்தில் குறை குறைந்தால் சாதனம் நன்றாக வேலை செய்யும் என்றுதான் பாடத்தில் இருக்கிறது. கோடிக்கணக்கில் குறை இருந்தும் நீல எல்.இ.டி. ஒளிர்கிறது என்றால் பாடம் தவறா? (படிவம் 6 மாணவர், சுங்கை பட்டாணி)

பதில்: பாடம் தவறில்லை தம்பி. எந்தப் பொருள் என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால்தான் தவறாகும். இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், இந்தப் பகுதியிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

முதலில் கணக்கு. இப்போதைய நல்ல நீல எல்.இ.டி.யில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 கோடி இடப்பெயர்வு நூல்கள் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் சதுரச் சிப்பில் 10 லட்சம். ஒரு தலைமயிரின் குறுக்கு வெட்டு எவ்வளவு இருக்கும், அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே மூவாயிரத்துக்கு மேல் நூல்கள் நிற்கும். 1993-இல் நிச்சியா பிரகாசமான நீல எல்.இ.டி.யை வெளியிட்ட பிறகு, 1995-இல் இந்த வகை எல்.இ.டி.யை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர்கள் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கோடி அளவில் எண்ணினார்கள். அதுவரை தெரிந்த காலியம் ஆர்சனைடு போன்ற பொருட்களில் பத்தாயிரக் கணக்கைத் தாண்டினாலே ஒளி மங்க ஆரம்பித்துவிடும். இப்படியொரு படிகம் ஒளிர்கிறதே என்று துறையில் இருந்தவர்களே திகைத்துப் போனார்கள்.

குறை ஏன் ஒளியைக் கெடுக்கிறது என்று பார். எலக்ட்ரானும் துளையும், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடமும், சந்தித்தால் ஒளி பிறக்க வேண்டும். பாதியில் நின்ற நிரையின் முனையில் அணுக்களுக்குக் கை கோக்க ஆள் இல்லை. வழியில் போகிற எலக்ட்ரான் அங்கே சிக்கிக்கொண்டால், துளையோடு சேர்ந்து ஒளியாக மாறாமல் சூடாகப் போய்விடும்.

காலியம் ஆர்சனைடில் இதோடு நிற்காது. 1970-இல் பெல் ஆய்வகத்தில் இசுவோ ஹயாஷியும் மார்ட்டன் பானிஷும் அறை வெப்பத்தில் விடாமல் எரிகிற லேசர் டையோடைச் செய்தார்கள், அதே காலத்தில் ரஷ்யாவில் அல்ஃபெரோவின் குழுவும் செய்தது. ஆனால் அந்த முதல் லேசர்களுக்கு ஆயுள் நிமிடக் கணக்குத்தான். 1973 வாக்கில் காரணம் தெரிந்தது. எரிந்துகொண்டிருக்கும் லேசருக்குள் கறுப்புக் கோடுகள் முளைத்துப் பரவின. எலக்ட்ரானும் துளையும் இடப்பெயர்வில் மடியும்போது வெளியாகிற சூடு, பக்கத்து அணுக்களை உலுக்கி, அந்த இடப்பெயர்வையே நகர வைக்கிறது, நகர்ந்த இடத்தில் இன்னும் எலக்ட்ரான்கள் மடிகின்றன, இன்னும் நகர்கிறது. கரையான் மாதிரிதான். ஒன்று உள்ளே வந்துவிட்டால் தானாகவே வளர்ந்து வீட்டைத் தின்றுவிடும். அங்கே ஒரே ஒரு நூல் ஒளி பிறக்கும் கோட்டில் மாட்டினாலும் லேசர் செத்துவிடும். அந்த லேசரில் அடுக்கடுக்காகச் சேர்கிற அலுமினியம் ஆர்சனைடும் காலியம் ஆர்சனைடும் அளவில் ஏறக்குறைய அச்சாகப் பொருந்துபவை, அதனால் சுத்தமாக வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள், சில வருஷத்தில் ஆயுள் நிமிடத்திலிருந்து வருஷக் கணக்குக்கு ஏறியது.

காலியம் நைட்ரைடில் அணுக்களின் பிடி அதைவிட மிக இறுக்கம். நூல் இருக்கிறது, ஆனால் நகர்வதில்லை, பெருகுவதில்லை. அதன் மேல் போய் மோதுகிற எலக்ட்ரான் வீண்தான், அவ்வளவோடு சரி. இரண்டாவது, எலக்ட்ரான்கள் இங்கே வெகுதூரம் அலைவதில்லை. ஒளி பிறக்கும் அடுக்கு 2, 3 நானோமீட்டர் தடிமன்தான், அதில் காலியத்தோடு இண்டியம் கலந்திருக்கிறது, கலவை எங்கும் ஒரே மாதிரி இருக்காது. இண்டியம் கொஞ்சம் கூடுதலாக விழுந்த இடங்கள் மேடு பள்ளமான தரையில் மழைநீர் தேங்குகிற குட்டைகள் மாதிரி, எலக்ட்ரான் அங்கே தங்கிவிடும், நூலைத் தேடிப் போவதற்குள் துளையைச் சந்தித்து ஒளியாகிவிடும். மூன்றாவது, நூல் மேலே வருகிற இடத்தில் சில சமயம் ஆறு பக்கமுள்ள ஒரு சின்னக் குழி விழும், அந்தக் குழியின் சரிவே எலக்ட்ரானைக் கிட்ட வரவிடாமல் தடுக்கிறது என்கிறார்கள். இந்த மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது, என் அனுபவத்தில் நான் இண்டியக் குட்டை பக்கம்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. நீல ஒளிக்குப் போட்டியில் 1980-களில் பலரும் நம்பியது துத்தநாக செலினைடை. காரணம் நியாயமானது, அது காலியம் ஆர்சனைடின் மேல் கால் விழுக்காடு வித்தியாசத்தில் பொருந்தி உட்காரும், குறை மிகக் குறைவு. 1991-இல் 3எம் கம்பெனியில் அதில் நீலப்பச்சை லேசரே செய்துவிட்டார்கள். ஆனால் அதன் பிணைப்பு மென்மையானது, ஓரிரு குறைகள் இருந்தாலும் கரையான் வேலை தொடங்கிவிடும், பல வருஷம் பாடுபட்டும் ஆயுள் சில நூறு மணி நேரத்தைத் தாண்டவில்லை. மிகக் குறைந்த குறைகளோடு சுத்தமாக இருந்த படிகம் தோற்றது, கோடிக்கணக்கில் குறைகளோடு இருந்த படிகம் நம் வீட்டுக் கூரையில் எரிகிறது. நீ தேர்வில் எழுதும்போது எத்தனை குறை என்பதோடு, அந்தக் குறை நகருமா, எலக்ட்ரான் அதனிடம் போய்ச் சேருமா என்று இரண்டு கேள்வியையும் சேர்த்து எழுது.

அதற்காகக் காலியம் நைட்ரைடில் குறையே பொருட்டில்லை என்று நினைத்துவிடாதே. லேசரில் மின்னோட்டத்தின் நெருக்கம் எல்.இ.டி.யைவிடப் பல மடங்கு, அங்கே நூல்கள் உறுத்தும். 1996-இல் நாகாமுரா நீல ஊதா லேசரை எரிய வைத்தபோது ஆயுள்தான் பெரிய போராட்டம். முகமூடி போல ஒரு படலத்தை வரிவரியாகப் போட்டு, இடைவெளி வழியாக மட்டும் படிகத்தை வளரவிட்டு, பிறகு பக்கவாட்டில் படரச் செய்தார்கள். பக்கவாட்டில் படர்ந்த பகுதிக்குக் கீழிருந்து நூல் ஏற வழியில்லை. அந்தச் சுத்தமான வரியின் மேல் லேசரை வைத்தபிறகுதான் 10,000 மணி நேரம் என்ற மதிப்பீட்டைத் தொட்டார்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயிலில் மாட்டிய எல்.இ.டி. விளக்குகள் எட்டு மாதத்தில் நாலு போய்விட்டன. படிகக் குறைதான் காரணமா? (கோயில் பொறுப்பாளர், பீடோங்)

பதில்: அநேகமாக இல்லை, ஐயா. போன விளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். மின்சுற்றுப் பலகையில் உருளையாக ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், அதன் தலை தோசை உப்பியது போல உப்பியிருந்தால் குற்றவாளி அதுதான். அல்லது சிப்புகளில் ஒன்றின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும், தொடராக இணைத்திருப்பதால் ஒன்று போனால் அத்தனையும் அணைந்துவிடும். இரண்டுக்கும் காரணம் சூடு. மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டியிருந்தால் காற்றோட்டமுள்ள கூடாக மாற்றுங்கள், சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு சின்னக் குறையை எப்படிக் கண்ணால் பார்க்கிறீர்கள்? நீங்கள் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லுங்களேன். (ஒரு வாசகி, தெலுக் இந்தான்)

பதில்: பல வழிகள் உண்டு. கொதிக்கும் அமிலத்தில் அல்லது உருகிய காரத்தில் படிகத்தைக் கொஞ்ச நேரம் முக்கினால், கட்டு குலைந்த இடத்தை அது முதலில் அரிக்கும், ஒவ்வொரு நூலும் மேலே வருகிற இடத்தில் ஒரு குழி விழும், குழிகளை எண்ணிவிடலாம். எக்ஸ்ரே கதிரை விட்டு, படிகத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, எதிரொளிக்கும் உச்சம் எவ்வளவு அகலம் என்று பார்க்கலாம், தீவுகள் எவ்வளவு திரும்பி ஒட்டியிருக்கின்றன என்பது அதில் தெரியும். எனக்குப் பிடித்தது எலக்ட்ரான் கற்றையை விட்டு ஒளிர வைத்துப் பார்ப்பது. முதல் தடவை பார்த்தபோது, ஒளிர்கிற வெள்ளைப் பரப்பில் எள்ளைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு எள்ளும் ஒரு நூலின் முனை, அங்கே போன எலக்ட்ரான் ஒளியாகவில்லை. வருஷக்கணக்கில் எண்ணாக மட்டுமே பார்த்துவந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார இன்ஜினியரும் நானும் வெகுநேரம் பேசவே இல்லை.

நேரில் நடந்த ஒன்று. கம்பெனிப் பெயர் வேண்டாம். நைட் ஷிஃப்டில் ஒரு ரியாக்டரிலிருந்து வருகிற வேஃபர்களில் ஒன்று மட்டும் தினமும் ஒரு விளிம்பில் பச்சை சாய்ந்து வந்தது, மற்றவை எல்லாம் நல்ல நீலம். பொருள் கெட்டுவிட்டது, வாயு கெட்டுவிட்டது என்று மூன்று நாள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், அம்மோனியா வடிகட்டியைக்கூட மாற்றினோம். நாலாவது நாள் வேஃபர் ஏற்றுகிற பெண், எங்கள் லயத்துப் பக்கத்துப் பிள்ளைதான், "அண்ணே, அஞ்சாம் நம்பர் குழியில வேஃபர் வைக்கும்போது லேசா தட்டுது" என்றாள். விளக்கடித்துப் பார்த்தோம். வேஃபர் உட்காரும் குழியின் ஓரத்தில், பழைய படிவிலிருந்து உரிந்த ஒரு செதில், உமியைவிடச் சின்னது. வேஃபரின் அந்த ஓரத்தை அது மயிரிழை தூக்கியிருந்தது, தூக்கிய ஓரத்துக்குச் சூடு சில டிகிரி குறைவு. சூடு குறைந்தால் இண்டியம் அதிகம் உள்ளே போகும், அதிகம் போனால் நிறம் பச்சையை நோக்கி நகரும், ஒரு டிகிரிக்கே ஒரு நானோமீட்டர் அளவுக்கு மாறும். இண்டியம் கூடினால் படிகத்துக்குள் இறுக்கமும் கூடும், அந்த விளிம்பில் நூல் முனைக் குழிகளும் நெருக்கமாக இருந்தன. அறிக்கையில் செதில் என்று மட்டும் எழுதினார்கள். கண்டுபிடித்தது யார் என்று எழுதவில்லை. எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்: கண்டுபிடித்தது அந்தப் பிள்ளையின் விரல் நுனி.

கேள்வி: நாங்கள் இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறோம், மழைநீர்த் தொட்டித் தண்ணீர். இப்போது புறஊதா எல்.இ.டி. வைத்த தண்ணீர்ச் சுத்திகரிப்பான் விற்கிறார்கள். நீல எல்.இ.டி. மாதிரியே மலிவாகவும் வலுவாகவும் இருக்குமா? (ஒரு குடும்பத்தலைவர், சுங்கை சிப்புட்)

பதில்: இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை, ஐயா, அதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன அதே கதைதான். கிருமியின் மரபணுவை உடைக்க 265 நானோமீட்டர் பக்கத்து ஒளி வேண்டும். அதைத் தர இண்டியம் கலந்த படிகம் உதவாது, அலுமினியம் நிறையக் கலக்க வேண்டும். இண்டியம் போனால் எலக்ட்ரானைத் தங்க வைத்த குட்டைகளும் போய்விடும், அப்போது ஒவ்வொரு நூலும் கணக்கில் வரும். நீலத்தில் மன்னிக்கப்பட்ட குறை இங்கே மன்னிக்கப்படுவதில்லை. அதோடு அலுமினியம் கூடக்கூடத் துளைகளை உண்டாக்குவதும் கஷ்டம், பிறந்த ஒளியை மேல் அடுக்கே விழுங்கிவிடுகிறது. நல்ல நீல எல்.இ.டி. வாங்கிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஒளியாகத் திருப்பித் தரும், கடையில் கிடைக்கும் இந்தப் புறஊதா வகை நூற்றில் சில பங்குதான் தரும், மீதி எல்லாம் சூடு. அலுமினியம் நைட்ரைடையே தட்டாக வளர்த்து அதன் மேல் சிப் செய்கிறவர்கள் நூல்களை மிகவும் குறைத்துவிட்டார்கள், அந்தத் தட்டின் விலைதான் இன்னும் இறங்கவில்லை.

வாங்குவதாக இருந்தால் அலைநீளம் எத்தனை நானோமீட்டர், நிமிடத்துக்கு எத்தனை லிட்டருக்குக் கணக்கு என்று இரண்டையும் கேளுங்கள். 395, 405 என்று சொன்னால் அது நீல ஊதா விளக்கு, தண்ணீருக்கு நீங்கள் நினைக்கிற வேலையைச் செய்யாது. இன்னொன்று, கூரையிலிருந்து இறங்குகிற தண்ணீரில் இலைச் சருகும் மண்ணும் இருந்தால் ஒளி உள்ளே போகாது, கிருமி மண் துகளின் நிழலில் தப்பிவிடும், முன்னால் ஒரு நல்ல வடிகட்டி கட்டாயம் வேண்டும். அதெல்லாம் அமையும் வரைக்கும் வீட்டில் அம்மா செய்கிற மாதிரி கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரையே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.